முன்சக்கரப் பக்கம் ‘டொக் டொக்’ சத்தம்: எந்தப் பாகம் என்று நாமே கண்டுபிடிக்கும் முறை

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் பின்வாசல் தெரு மேடும் பள்ளமுமான செம்மண் தெரு. அதில் நடை வேகத்தில் கார் போகும்போது இடது முன்சக்கரத்துப் பக்கம் ‘டொக், டொக்’ என்று கேட்கும். திருமயம் சாலையில் ஏறி எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஒரு சத்தமும் இருக்காது. பணிமனையில் விட்டேன். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்கள், இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார்கள். வீடு திரும்பி அதே தெருவுக்குள் நுழைந்ததும் அதே ‘டொக்’.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு நானே கண்டுபிடித்தேன். பழுதாகியிருந்த பாகத்தின் விலை, மாற்றிய ஷாக்குகளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தத்தின் இடம் தெரியாமல் யாரும் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான்; ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட். கீழே சொல்வதெல்லாம் அந்த அமைப்புக்கு.

முதல் வேலை: காதால் தேடுவது

ஸ்பேனரைத் தொடும் முன் அரை மணி நேரம் காரை ஓட்டிக் கேளுங்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் முதலில் இறக்கிவிடுங்கள்.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் பெரிய வீடுகளின் பக்கச் சுவர்கள் இங்கே தெரு நெடுகிலும் இருக்கின்றன. அப்படி ஒரு சுவரை ஒட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவர்ப் பக்கச் சக்கரத்தின் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் காதில் விழும். பிறகு எதிர்த்திசையில் திரும்பி வந்து மற்றப் பக்கத்தைக் கேளுங்கள். காருக்குள் உட்கார்ந்து கேட்டால் இடமா வலமா என்பதே பிடிபடாது. உடற்கூடு முழுவதும் சத்தத்தைக் கடத்திவிடும்.

அடுத்தது வேகத்தடை. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஒருமுறை, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாலை ஓரமாக ஒருமுறை. இரண்டும் சேர்ந்து ஏறும்போது சத்தமில்லாமல், ஒன்று மட்டும் ஏறும்போது ‘டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் கம்பி (வளைவில் கார் அதிகம் சாயாதபடி இரண்டு முன்சக்கரப் பக்கங்களையும் இணைப்பது), அதை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் லிங்க், அதைப் பிடிக்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம். ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று கீழே நிற்கும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கம்பி முறுக்கமில்லாமல் தன் புஷ்களுக்குள் சுழன்று கொடுக்கிறது.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் மட்டும் ‘தொம்’ என்று ஒரே ஒரு முறை கேட்டால், சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஆக்ஸிலின் ஜாயிண்ட். பள்ளத்தில் சத்தம் வரும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். மிதித்தவுடன் நின்றுவிட்டால் பிரேக் பேடோ அதை அழுத்தும் காலிப்பரோ தளர்ந்திருக்கிறது.

தூக்குவதற்கு முன்

காரோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சர் போட மட்டும்தான். டிராலி ஜாக்கி ஒன்று, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, இரண்டடி நீளத்தில் ஒரு நெம்புகம்பி, நல்ல டார்ச். இவை போதும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இன்று வேலையைத் தொடங்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. பாரம் தாங்காமல் சட்டென்று நொறுங்கும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கி வைக்கவே வைக்காதீர்கள். கண்ணாடியின் மேல் கையால் வார்த்து எடுக்கும் சிமெண்டுக் கற்கள் அவை. கால் நடையை நூறாண்டு தாங்கும், ஜாக்கிச் சக்கரம் ஒரே புள்ளியில் இறக்கும் பாரத்தைத் தாங்காது. எங்கள் அப்பத்தா காலத்துத் தரையில் ஒரு கல் இப்படி விரிசல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம். அதே நிறத்தில், அதே பூவில் இன்னொன்று கிடைக்கவில்லை. பின்கட்டில் கான்கிரீட் போட்ட இடம் இருந்தால் அங்கே செய்யுங்கள்.

சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது

சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அசைவு இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தம்பியை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். அசைவு மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட்டின் பிணைப்பு. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனையையும், அதைத் தள்ளும் ஸ்டீயரிங் ராக்கையும் பாருங்கள்.

நான் இருமுறை ஏமாந்த இடம்: லிங்க்

ஸ்டெபிலைசர் லிங்க் என்பது இரண்டு முனையிலும் சிறு பந்து மூட்டு வைத்த, ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று அதிக நீளமுள்ள கம்பி. ஒரு முனை ஸ்ட்ரட்டில், மறு முனை ஸ்டெபிலைசர் கம்பியில். பணிமனையில் இடது பக்கத்தை மட்டும் தூக்கி, லிங்க்கைக் கையால் ஆட்டி, “இது கெட்டியாக இருக்கிறது அண்ணே, ஷாக்தான் போய்விட்டது” என்றார்கள். வீட்டில் நானும் இடது பக்கத்தை மட்டும் தூக்கி ஆட்டினேன். கெட்டியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே செய்து, லிங்க் நல்லது என்று முடிவுகட்டி வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

தவறு தூக்கிய விதத்தில் இருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் அந்தப் பக்கச் சக்கரம் கீழே தொங்குகிறது, மற்றது தரையில் ஊன்றி நிற்கிறது. நடுவில் உள்ள ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை ஒரு பக்கமாக விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறது. தேய்ந்த மூட்டின் இடைவெளி முழுவதும் அந்த இழுப்பில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கையால் எவ்வளவு ஆட்டினாலும் அசையாது.

ஆகவே லிங்க்கைப் பார்ப்பதற்கு இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் தொங்க வேண்டும். தரையில் பார்ப்பதே எனக்குப் பிடித்த முறை. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வையுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். லிங்க்கின் மூட்டில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, வேறொருவரை வெளியே நின்று கூரையைப் பிடித்துக் காரை இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் விரலுக்கடியில் ‘டிக்’ என்று தட்டும். காது அதைத் தவறவிடலாம், விரல் தவறவிடாது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் விரலில் அது தட்டிய நொடியில், இத்தனை நாள் கேட்ட சத்தம் இதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது.

கண்ணுக்கும் ஒரு தடயம் உண்டு. மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்து, கிரீஸும் செம்மண்ணும் குழைந்து செங்காவிப் பசையாக வழிந்திருக்கும். மணல் உள்ளே போன மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க்குகளையும் கழற்றி, தொங்கும் கம்பி முனைகளை டயரிலும் ஆக்ஸிலிலும் உரசாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் பழுது லிங்க்கிலோ கம்பியின் புஷ்ஷிலோதான். வளைவில் கார் வழக்கத்தைவிட அதிகம் சாயும்; பெரிய சாலைக்குப் போகாதீர்கள்.

லோயர் ஆர்மும் மவுண்டும்

நெம்புகம்பியை லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து மெல்ல நெம்புங்கள். ரப்பர் சற்று வளைந்து திரும்பினால் நல்லது. உலோகம் உலோகத்தில் முட்டினாலோ ரப்பர் கிழிந்து வாய் திறந்தாலோ மாற்ற வேண்டும். பால் ஜாயிண்ட்டில் அசைவு தெரிந்தால் அன்றே காரை நிறுத்துங்கள். லிங்க் தேய்ந்தால் சத்தம்தான், சில நாள் பொறுக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

மவுண்டுக்கு, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். துள்ளல் கையில் தெரியும்.

மாற்றும்போது

லிங்க் நட்டைக் கழற்றும்போது உள்ளிருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். அதன் முனையில் ஆலன் கீ நுழையும் குழி பல லிங்க்குகளில் இருக்கும். குழியை முதலில் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். ஓபன் ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே என் வழக்கம். ஒரே சாலையில் ஓடிய இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருக்கும். புதிய நட்டையே போடுங்கள்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, தன் பழைய மாருதி 800-இல் லிங்க்கைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கேட்டார். அதில் தனி லிங்க் கிடையாது. ஸ்டெபிலைசர் கம்பியின் முனையே புஷ் வழியாக லோயர் ஆர்முக்குள் நுழைந்திருக்கும். அந்த முனைப் புஷ்களையும், கம்பியைச் சட்டத்தோடு பிடிக்கும் புஷ்களையும் பாருங்கள்.

இன்னொருவர், லிங்க் மாற்றியும் ஒரு வாரத்தில் ‘டக்’ என்று மெல்லிய சத்தம் திரும்பி வந்ததாகச் சொன்னார். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நட்டை ஒருமுறை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொன்னேன். அளவு காரின் கையேட்டில் இருக்கும். அவருடைய காரில் மேல் நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது.