18+ முத்திரையும் முதிர்ச்சியும்: நாம் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

"செம மெச்சூர்டான சீரிஸ்டா, கண்டிப்பா பாரு" என்று நண்பன் சொன்னதை நம்பி ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷத்திலேயே ஆறு கொலை, ஒரு படுக்கையறைக் காட்சி, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. செத்த ஆறு பேரில் ஒருவருக்கும் பெயர் கிடையாது, அவர்களைக் காணோம் என்று தேடிக்கொண்டு யாரும் வரவும் இல்லை. எட்டு எபிசோடையும் பார்த்து முடித்தேன் (ஏன் விடாமல் பார்த்தேன் என்பது தனிக்கதை). மறுநாள் யோசித்தால் மனசில் ஒன்றுமே தங்கவில்லை. நண்பன் பொய் சொல்லவில்லை, மூலையில் இருந்த 18+ என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதையே முதிர்ச்சி என்று நினைத்துவிட்டான்.

நிறையப் பேர் செய்கிற தவறு இது, வயதுச் சான்றிதழைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது. சான்றிதழ் தருகிறவர்கள் பார்ப்பது திரையில் என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது, எவ்வளவு, எந்தச் சூழலில் என்பதைத்தான். கதைக்குள் விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலையே இல்லை. 2010-இல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு திக்குகிற ஒரு மன்னர், பயிற்சியின்போது வாய்க்கு வந்த வசவையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார். அதற்காக அமெரிக்காவில் ஆர் கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் போக முடியும். பிரிட்டனில் முதலில் 15 (அதற்குக் கீழே இருந்தால் அனுமதியே இல்லை) கொடுத்து, மேல்முறையீடு செய்தபிறகு 12ஏ (12-க்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடு போகலாம்) ஆக்கினார்கள். 2011-இல் அமெரிக்காவிலேயே சில வசவுகளை மட்டும் சத்தமில்லாமல் ஆக்கி, 13 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்கிற பிஜி-13 சான்றிதழோடு மறுபடி வெளியிட்டார்கள். அந்த மன்னரின் அவமானமோ பயமோ இதில் எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'மிட்நைட் கவ்பாய்' கதை இன்னும் வேடிக்கை. பெரியவர்களுக்கு மட்டும் என்கிற எக்ஸ் சான்றிதழோடு 1969-இல் அமெரிக்காவில் வந்து, அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கி, 1971-இல் எதையும் வெட்டாமலே ஆர் ஆகிவிட்டது.

அடுத்தது, அதிர்ச்சியை ஆழம் என்று நினைப்பது. ஒருவன் கொலை செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறான் என்று வையுங்கள். ஒரு படத்தில் ரத்தம் தெறிப்பதை மூன்று கோணத்தில் காட்டிவிட்டு அப்படியே பாட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு படத்தில் கொலையைக் காட்டவே மாட்டார்கள். அவன் கை கழுவுகிறான், துடைக்கிறான், மறுபடி கழுவுகிறான், அப்போது மகள் வந்து பள்ளிக்கூட நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறாள், அவன் பேனாவை வாங்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதில் தடை போட ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவன் ஏன் பேனாவைத் தொடவில்லை என்பது பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியாது, நாற்பது வயசுக்காரருக்கு அடிவயிறு கலங்கும். நான் பார்க்கிற ஒரே அளவுகோல் இதுதான்: நடந்ததற்கு அடுத்த காட்சியில் ஒரு விலை இருக்கிறதா, இல்லை எல்லாரும் மறந்துவிடுகிறார்களா? வீடியோ கேம்களில் இது அப்பட்டமாகவே தெரியும். பாதி ஊரைக் கொன்றுவிட்டு வந்து நின்றாலும் கடைக்காரர் அதே சிரிப்போடு உங்களுக்குக் கத்தி விற்பார்.

அப்புறம் இந்த "எல்லாருமே அயோக்கியர்கள்" வகை. படம் முழுக்க இருட்டு, ஒருத்தரும் நல்லவர் இல்லை, யாரை நம்பினாலும் முதுகில் குத்துவார்கள். எனக்கும் பதினாறு வயசில் இது பெரிய தத்துவமாகத்தான் தெரிந்தது. ஆனால் எல்லாரும் நல்லவர்கள் என்பது எவ்வளவு குழந்தைத்தனமோ, இதுவும் அவ்வளவேதான். நல்லவர் ஒருவர் நல்ல காரணத்துக்காகவே ஒரு தப்பைச் செய்து, அது அவருக்கே தெரிந்து, அதன்பிறகும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதே, அதை எழுதுவதுதான் கஷ்டம். மெதுவாக நகர்ந்தாலே முதிர்ச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. ஜன்னலை ஐந்து நிமிஷம் காட்டினால் ஜன்னல்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, உடலைக் காட்டினாலே மட்டம் என்று ஒதுக்குவது. இரண்டு பேருக்கு நடுவில் அன்பு செத்துப்போனதை வேறு எந்தக் காட்சியாலும் சொல்ல முடியாமல் ஒரு படுக்கையறைக் காட்சி சொல்லிவிடலாம். அது அங்கே இருக்க வேண்டியதுதான். அதேபோல, அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நம்புவது. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' ஜப்பானில் 1988-இல் வெளியானபோது, குழந்தைகள் கொண்டாடுகிற 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே காட்சியாகத்தான் திரையிட்டார்கள். போர்க்காலத்தில் பட்டினியில் வாடுகிற அண்ணன் தங்கை கதை அது. பெரியவர்களே இன்னொரு தடவை பார்க்கத் தயங்குவார்கள். அதனால் பிள்ளைகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது எண் சின்னதாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், முடிந்தால் நீங்கள் முதலில் பாருங்கள். அதற்காகச் சான்றிதழையே தூக்கிப் போடவும் வேண்டாம், கண்ணில் என்ன படும் என்று முன்கூட்டியே சொல்வதில் அது உபயோகமானதுதான்.

இப்போதெல்லாம் யாராவது "மெச்சூர்டான படம்" என்று சொன்னால், அதில் யார் செத்தது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். நண்பனிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செத்தவங்க ஞாபகம் இல்லடா, ஆனா அந்த லிஃப்ட் ஃபைட் செமயா இருக்கும்" என்றான்.