தனித்து வாழும் அழைப்பு: 1 கொரிந்தியர் 7ஐப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துச் சபைகளில் கல்யாண ஓலை (நடக்கப்போகும் திருமணத்தின் அறிவிப்பு) வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஆராதனை முடிந்து வாசலைக் கடப்பது அவ்வளவு சுலபமல்ல. "உன் ஓலை எப்பம்மா?" என்று ஓர் அத்தையாவது கேட்டுவிடுவார். அதே பிள்ளை ஏற்காட்டு ரிட்ரீட்டுக்கு, அதாவது தியானக் கூட்டத்துக்குப் போனால், கல்யாணமே வேண்டாம் என்பதுதான் உயர்ந்த ஊழியம் என்று அங்கே ஒருவர் பேசக்கூடும். இரண்டு பேரும் வேதத்தைத்தான் காட்டுவார்கள். போதாக்குறைக்கு எல்லார் போனிலும் இப்போது புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்துக்கு அகராதி இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டி முதலில் வருகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வாழ்க்கை முடிவு எடுப்பவர்களும் உண்டு.

அதிகம் சேதம் செய்வது 'வரம்' என்ற சொல்லைப் பற்றிய தவறுதான். 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில், அவனவனுக்குத் தேவனால் அளிக்கப்பட்ட வரம் உண்டு என்கிறார் அந்த நிருபத்தை (கடிதத்தை) எழுதிய பவுல். கிரேக்கத்தில் காரிஸ்மா. இதை வைத்து 'தனித்திருக்கும் வரம்' என்று ஒன்றை உருவாக்கி, அந்த வரம் உள்ளவருக்கு ஆசையே வராது, ஏக்கமே இருக்காது என்று போதிக்கிறார்கள். விளைவு என்ன? இரவில் தூக்கம் வராமல் அழுகிற ஒருவர், தனக்கு அந்த வரம் இல்லை, அப்படியானால் தன் வாழ்க்கை ஏதோ பிழை என்று முடிவு கட்டுகிறார். ஆசை இல்லாமை பற்றி அந்த வசனத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. 'ஒருவனுக்கு ஒருவிதமாயும், மற்றொருவனுக்கு வேறுவிதமாயும்' என்று அது முடிகிறது. அதாவது கல்யாணமும் காரிஸ்மாதான். கல்யாணம் ஆனவரிடம் போய், "உங்களுக்குக் குடும்பக் கஷ்டமே தெரியாத வரம் இருக்கிறதா?" என்று யாரும் கேட்பதில்லையே. ரோமர் 6:23இல் நித்திய ஜீவனுக்கும் பவுல் இதே சொல்லைத்தான் போடுகிறார். கொடுக்கப்பட்டது என்பதுதான் அதில் முக்கியம். நமக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய திறமை அல்ல.

இதோடு ஒட்டியே வருகிறது 9ஆம் வசனம். அடக்க முடியாவிட்டால் கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். கிரேக்கத்தில் 'முடியாவிட்டால்' என்ற வினை அங்கே இல்லை. அடக்கமாக நடக்காவிட்டால் என்றுதான் இருக்கிறது. அந்த வினை எங்கிராத்தேயுவோமாய். இதே நிருபத்தில் 9:25இல், பந்தயத்துக்குத் தயாராகிற வீரன் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருப்பான் என்னும் இடத்தில் அது மறுபடி வருகிறது. கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தன. கேட்டவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பயிற்சியால் வருகிற காரியம் இது. கலாத்தியர் 5இல் ஆவியின் கனிகளில் ஒன்றாக நிற்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அது கல்யாணம் ஆனவருக்கும் ஆகாதவருக்கும் பொது. தாலி கட்டினால் இச்சை தானாக அடங்கிவிடும் என்று மகனுக்கு அவசரமாகப் பெண் பார்க்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது 'அழைப்பு'. நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் இறை அழைத்தல் என்பார்கள். மற்ற சபைகளில் அழைப்பு என்றே சொல்கிறோம். கிரேக்கச் சொல் கிளேசிஸ். அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கச் சொல்லும் 20ஆம் வசனத்தைக் காட்டி, நான் தனிமைக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன், இனி மாறக்கூடாது என்பவர்கள் அதே நிருபத்தின் 1:26ஐயும் படித்துவிடுவது நல்லது. அங்கே கிளேசிஸ் என்பது கிறிஸ்துவிடம் வருவதற்கான அழைப்பு. 7ஆம் அதிகாரத்திலும் அந்த வாசம் போகவில்லை: விருத்தசேதனம் உள்ளவன், இல்லாதவன், அடிமை, சுயாதீனன் என்று ஒவ்வொரு நிலையிலும் ஒருவனை அந்த அழைப்பு வந்து சந்திக்கிறது. அடிமையாயிருக்கும்போது அழைக்கப்பட்டவனிடம், விடுதலை கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்றும் சொல்கிறார். ஆக, அழைக்கிறவர் ஒருவர். தனித்த வாழ்வு அந்த அழைப்பை வாழ்கிற இடம். இடத்தையே அழைப்பாக்கிவிட்டால் அதற்குக் காவல் காப்பதே வேலையாகிவிடும்.

ரிட்ரீட்டின் கடைசி இரவில் கண்ணீரோடு 'இனி கல்யாணம் இல்லை' என்று பொருத்தனை பண்ணுவது எனக்குப் பிடிக்காத ஒன்று. அதே ஏற்காட்டில் மான்ஃபோர்ட் பள்ளியை 1917இல் தொடங்கிய புனித கபிரியேல் சபைச் சகோதரர்களைப் பாருங்கள். துறவற சபைகளில் ஒருவர் நவதுறவு (பயிற்சிக் காலம்), தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வருகிறார். கூடவே ஒரு சமூகம், ஒரு மேசை, நோயில் பார்த்துக்கொள்ள ஆட்கள். தனியாக எடுத்த உணர்ச்சிவசப்பட்ட முடிவுக்கு இதில் எதுவும் இல்லை.

"மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற ஆதியாகமம் 2:18ஐப் பதிலடியாக வீசுவது இன்னொரு பக்கத்துத் தவறு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அது 'ஊ காலோன்', நல்லதல்ல. பவுலோ 7:8இல் விவாகமில்லாதவர்களைப் பார்த்து, என்னைப்போல் இருந்துவிட்டால் 'காலோன்', நல்லது என்கிறார். வேதம் அறிந்த பரிசேயரான பவுலுக்கு ஆதியாகமம் மறந்திருக்குமா? அங்கே நல்லதல்ல என்று சொல்லப்படுவது மோனோஸ், ஆளில்லாத ஒண்டித்தனம். பவுல் பேசுவது அகாமோஸ் பற்றி, கல்யாணம் ஆகாத நிலை. இரண்டும் ஒன்றல்ல. கல்யாணம் ஆகாதவர் மோனோஸ் ஆகாமல் பார்த்துக்கொள்வது சபையின் கடமை. பண்டிகை நாளில் அவர் வீட்டில் தனியாகச் சாப்பிட்டால் வசனத்தை மீறியது அவர் அல்ல.

அகாமோஸ் என்றால் இளம்பிள்ளைகள் மட்டும் என்று நினைப்பதும் சரியல்ல. புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிற சொல் அது, நான்கும் இந்த அதிகாரத்தில்தான். 11ஆம் வசனத்தில் புருஷனைப் பிரிந்த பெண்ணுக்கும் அதையே சொல்கிறார்.

அப்புறம், 'கல்யாணம் ஆகலையே, ஃப்ரீயாத்தானே இருப்பாங்க' என்ற சபைக் கணக்கு. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி, கிறிஸ்துமஸ் கேக் விநியோகம் எல்லாம் அந்த ஒருவர் தலையில். 35ஆம் வசனத்தில் பவுல் விரும்புவது அபெரிஸ்பாஸ்தோஸ், கவனம் சிதறாமல் கர்த்தரைப் பற்றிக்கொண்டிருப்பது. லூக்கா 10:40இல் பற்பல வேலைகளால் அலைக்கழிந்த மார்த்தாளுக்குச் சொல்லப்பட்ட வினை இதன் வேர்தான். அவள் சகோதரி மரியாளோ இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மரியாளாக இருக்க விடப்பட்டவரைப் பிடித்து மார்த்தாளாக்குகிறோம்.

மத்தேயு 19:12இல், பரலோகராஜ்யத்துக்காகக் கல்யாணமில்லாமல் வாழ்வதைப் பற்றிப் பேசி, ஏற்றுக்கொள்ள வல்லவன் ஏற்றுக்கொள்ளக்கடவன் என்கிறார் இயேசு. வினை கோரேயோ. கானா ஊர்க் கல்யாண வீட்டுக் கற்சாடிகள் இரண்டு மூன்று குடம் தண்ணீர் கொள்ளும் என்று யோவான் எழுதுகிறபோதும் இதே வினைதான். ஏற்றுக்கொள்வது என்றால் சிரித்த முகத்தோடு சம்மதிப்பது என்று நினைத்து, வலி இருக்கிறவரை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தன்னையே குற்றப்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். உள்ளே இடம் கொடுப்பதுதான் அந்தச் சொல். ஒருநாள் கொள்ளும், ஒருநாள் கொள்ளாது. பத்து வருடம் கழித்து இன்னும் கொஞ்சம் கொள்ளலாம்.

தனித்திருக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தவர் நாற்பது வயதில் ஓலை கொடுத்தால் அவரை விசுவாசத்தில் வழுவினவராகப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். கர்த்தரிடமிருந்து எனக்குக் கட்டளை இல்லை, என் யோசனையைச் சொல்கிறேன் என்று 25ஆம் வசனத்தில் வெளிப்படையாகவே சொன்ன பவுல், 28இல் கல்யாணம் செய்தால் பாவமல்ல என்கிறார். உங்களைக் கண்ணியில் அகப்படுத்த இதைச் சொல்லவில்லை என்று 35இலும் எழுதுகிறார். அங்கே வருகிற ப்ரோகோஸ் சுருக்குக் கயிறு. எந்தப் பக்கத்திலிருந்தும் அதை யார் கழுத்திலும் போட அவருக்கு விருப்பமில்லை.