தேனீ வளர்ப்புப் புத்தகம் வாங்கும் முன்

முதலில் பெட்டியின் படத்தைப் பாருங்கள். தேனடை கட்டும் சட்டங்கள் பத்து கொண்ட பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டியே நூல் முழுக்க வந்தால், அது இத்தாலியத் தேனீ வளர்ப்பவருக்கானது. நம் ஊர் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது. அதற்கு நியூட்டன் பெட்டியோ மார்த்தாண்டம் பெட்டியோதான் தோது. இடம் பிடிக்காவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும் குணமும் அதற்கு உண்டு. அதைத் தடுக்கும் வழி நூலில் இருக்க வேண்டும்.

அப்புறம் பருவம். பனிக்காலத்தில் பெட்டியைப் போர்த்தி வைப்பது பற்றிய அத்தியாயம் படிக்கச் சுவையாக இருக்கும், அவ்வளவுதான். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் துளிர்க்கும்போதுதான் தேன் வரத்து. பூ இல்லாத மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்று சொல்கிறதா?

கடைசியாக நோய்ப் பகுதி. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது ‘தாய் சாக் புரூட்’ (Thai sacbrood) என்ற வைரஸ். புழு நீர் கோத்த பை போலாகி, தேனடை அறைக்குள்ளேயே தலை நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும். அதன் தெளிவான படம் இல்லாத புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.