போட்டியாளரின் வசதியை நாமும் கொண்டுவரலாமா? முடிவெடுக்கும் வழி

போட்டி நிறுவனம் தன் செயலியில் ஒரு வசதியை வெளியிட்டுவிட்டது என்பதாலேயே அதற்கு வரவேற்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அவர்களும் வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

24 மணி நேரத்தில் மறையும் ‘ஸ்டோரீஸ்’ ஸ்னாப்சாட்டில் 2013-இல் வந்தது. 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் அதைப் பெயர்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டது. பெருமை ஸ்னாப்சாட்டுக்கே என்று இன்ஸ்டாகிராம் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ராம் வெளிப்படையாகச் சொன்னார். இன்ஸ்டாகிராமில் அது பிடித்துக்கொண்டது. காரணம், அங்கே பலரும் நல்ல படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டார்கள். அன்றாடச் சில்லறைப் படங்களுக்கு இடமில்லை. ட்விட்டர் 2020 நவம்பரில் இதேபோல் மறையும் ‘ஃப்ளீட்ஸ்’ கொண்டுவந்தது, ட்வீட் போடத் தயங்குபவர்களை இழுக்க. பயன்படுத்தியதோ ஏற்கெனவே ட்வீட் போடுபவர்கள்! 2021 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். லிங்க்ட்இன் ஸ்டோரீஸும் அடுத்த மாதமே போனது. அங்கிருந்தவர்களுக்கு மறையாமல் நிற்கும் வீடியோதான் தேவைப்பட்டது.

ஆகவே முதல் வேலை, ஒரு வாக்கியம் எழுதுவது: “நம் பயனர் இன்ன வேலையைச் செய்யும்போது இன்ன இடத்தில் மாட்டிக்கொண்டு, இப்படிச் சமாளிக்கிறார்.” போட்டியாளர் பெயரைச் சொல்லாமல் இதை எழுத முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எழுத முடிந்தால், கடந்த மூன்று மாதத்தில் விலகிப்போனவர்களில் ஆறேழு பேரிடம் பேசுங்கள். “இந்த வசதி வேண்டுமா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “போன தடவை இந்த வேலையை எப்படி முடித்தீர்கள்?” என்று கேளுங்கள். சமாளிக்கத் தானே போட்டுவைத்த எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டுபவருக்குத் தேவை இருக்கிறது. யோசித்து யோசித்துப் பதில் சொல்பவருக்கு இல்லை. ஒரே பெரிய வாடிக்கையாளர் நச்சரித்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், பொதுத் தேவையோடு சேர்க்காதீர்கள்.

கடவுச்சொல் மீட்பு, தரவு ஏற்றுமதி போன்றவற்றுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. பயனருக்குப் பழகிய முறையிலேயே செய்துவிடுங்கள். இங்கே புதுமை காட்டினால் உதவி கேட்டு வரும் சப்போர்ட் டிக்கெட்தான் கூடும்.

சந்தேகம் தீராவிட்டால் வசதியைக் கட்டாமல் பட்டனை மட்டும் 5% பயனர்களுக்கு இரண்டு வாரம் காட்டுங்கள். அழுத்தினால், “இன்னும் தயாராகவில்லை. வந்ததும் தெரிவிக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். எண்ண வேண்டியது அழுத்தியவர்களை அல்ல, ‘சரி’ சொன்னவர்களை. வேடிக்கை பார்க்க அழுத்துபவர்கள் ஏராளம். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், நம்பிக்கை போய்விடும்.

செலவுக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது பராமரிப்பு: ஒவ்வொரு வெளியீட்டிலும் டெஸ்டிங், உதவிப் பக்கங்கள், பழைய போன்களில் வரும் கோளாறுகள். அதனால் வெளியிடும் முன்பே எழுதி வையுங்கள்: எட்டு வாரத்தில் எத்தனை பேர் இரண்டாம் முறை திரும்பிவந்து பயன்படுத்த வேண்டும், வராவிட்டால் யார் நீக்குவது. எழுதாமல் விட்டால், பத்துப் பேர் பயன்படுத்துவதையும் நீக்க யாருக்கும் மனம் வராது.