ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் எடுக்கும் முன்

ஆம்ஸ்டர்டாமில் செந்நிறத் தார் போட்ட பாதையைக் கண்டால் அதில் நின்று படம் எடுக்காதீர்கள். அது நடைபாதை அல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் விரைகிறவர்களின் சைக்கிள் பாதை. பின்னால் மணி அடித்தால் 'சற்று ஒதுங்குங்கள்' என்று பொருள். இரண்டாம் முறை அடித்தால் கோபம்தான்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் பிரேக்கைப் பாருங்கள். பல சைக்கிள்களில் அது கைப்பிடியில் இராது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஆளில்லாத சந்தில் பத்து நிமிடம் பழகிவிட்டுக் கிளம்புங்கள். டிராம் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் முழங்கைதான் தாங்கும். தரையிலுள்ள வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கியிருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் அபராதம். 2019 ஜூலை முதல் நாடெங்கும் இதுதான் சட்டம்.

நகர மையத்தில் நண்பகல் நெரிசலில் ஓட்டுவது வீண் வேலை. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து படகு புறப்படுகிறது. டிக்கெட் வேண்டாம், சைக்கிளோடு ஏறலாம். சில நிமிடங்களில் வடகரை. அங்கிருந்து கொஞ்சம் மிதித்தால் வாய்க்காலும் மாடு மேயும் புல்வெளியும்தான்.