ஸ்டெல்வியோ ஏறும் முன் கியரை மாற்றிய கதை

இத்தாலியில் பரோலோ, லா மோரா பக்கம் சைக்கிள் ஓட்டிய மூன்றாம் நாளே முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிவிட்டது. நெபியோலோ திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற அந்தச் சாலைகள் அவ்வளவு அழகு, ஆனால் ஏற்றம் சின்னதாக இருந்தாலும் திடீரென்று செங்குத்தாகும், இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். முதலில் சீட் உயரத்தைச் சந்தேகப்பட்டேன். அளந்து பார்த்தால் சரியாகவே இருந்தது.

பிரச்சினை கியரில். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருப்பதில் பெரியதற்கே 28 பல்தான். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் மிதிக்க முடிந்தது, மொத்தப் பாரமும் முட்டியில். அதனால் பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை, அதாவது கேசட்டை, 11 முதல் 34 பல் வரை உள்ளதாக மாற்றினேன். அதை மட்டும் மாற்றினால் போதாது. என் பழைய செயின் நீளம் பத்தவில்லை, அப்படியே பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளியிருந்தால், செயினை நகர்த்திக் கியர் மாற்றும் டீரெய்லரே பிய்ந்திருக்கும். புதுச் செயினும், நீளமான கூண்டு (சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கை) உள்ள டீரெய்லரும் வாங்கினேன். அப்புறமும் டீரெய்லரின் மேல் சக்கரம் கேசட்டில் உரசிக் கரகரவென்று சத்தம். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூ என்ற திருகாணியைக் கால் திருகு, கால் திருகாக உள்ளே செலுத்தி இடைவெளி விட்டதும் நின்றது.

சரி, பிராட்டோ ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்குக் கிளம்பினேன். சுமார் 24 கிலோமீட்டர், 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,757 மீட்டர். வளைவுப் பலகைகளில் எண் 48-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். 60 சுற்றுக்குக் குறையாமல் மிதித்தேன். ஒவ்வொரு பலகையிலும் வலி வருமா என்று பார்த்துக்கொண்டே போனேன், 1 வரை வரவேயில்லை.