30,000 ரூபாய்க்குள் முதல் பேஸ் கிட்டாரும் ஆம்பும்

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். மதுரையில் ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் சர்ச் பாட்டுக் குழுவிலோ, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகிற லைட் மியூசிக் குழுவிலோ, கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த பேண்டிலோதான் போய்ச் சேருகிறார்கள். இந்த மேடைகளில் உங்கள் சத்தத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது மைக்செட்காரர் அடுக்கியிருக்கும் பெட்டிகள். உங்கள் கேபிளை டிஐ பாக்ஸ் என்ற சின்ன டப்பாவில் சொருகி அங்கிருந்து நேராக மிக்ஸருக்குக் கொண்டுபோய்விடுவார்கள், நீங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன ஆம்ப், அதாவது பேஸின் சத்தத்தைக் கூட்டித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, பல நேரம் உங்கள் காதுக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் இல்லாமலே சமாளிக்கலாம். ஆகவே புதிதாக ஆரம்பிக்கிறவர் பெரிய ஆம்பில் பணத்தைப் போடவே வேண்டாம். நல்ல பேஸ் ஒன்று, வீட்டுக்குப் போதுமான சின்ன ஆம்ப் ஒன்று, அவ்வளவுதான்.

கையில் 30,000 இருந்தால் நான் பிரிக்கிற கணக்கு இது: பேஸுக்கு 18,000 வரை, ஆம்புக்கு 8,000 சுற்றி, மீதியில் நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், பை, அப்புறம் செட்டப் கூலி. இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்த பேஸ் ஃபேக்டரியிலிருந்து வரும்போது ஸ்ட்ரிங் உயரமாக நிற்கும், நெக் என்கிற நீளமான கழுத்துப் பகுதி கொஞ்சம் வளைந்திருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் அதே பேஸ் கையில் வேறு மாதிரி இருக்கும். 15,000 ரூபாய் பேஸை நன்றாக செட்டப் செய்தால், செட்டப் செய்யாத 30,000 ரூபாய் பேஸை விட விரலுக்குச் சுகமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் பேஸ் நாலு ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். சுருதியில் கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி. அந்த லோ இ ஸ்ட்ரிங்கின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், சாதாரண கிட்டாரின் லோ இ-க்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் கூடுதலாக வரும் பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், ஆனால் மலிவான பேஸில் அந்த பி தொளதொளவென்று தெளிவில்லாமல்தான் ஒலிக்கும், நெக்கும் அகலமாகிவிடும். மேடைக்கு அடிக்கடி போக ஆரம்பித்து, பாடகர்கள் சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அப்போது ஐந்துக்குப் போகலாம்.

பேஸின் நீளமும் முக்கியம். வழக்கமான ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் பகுதியின் நீளம், 34 அங்குலம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ சின்னக் கை உள்ளவர்களுக்கோ முதல் ஃபிரெட்டை (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) எட்டிப் பிடிப்பது வலிக்கும், அவர்களுக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பாருங்கள். ஸ்குவையர் பிராங்கோ அந்த அளவு, ஐபனேஸ் மைக்ரோ இன்னும் சின்னது.

ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் வகையில், 1957-லிருந்து, நடுவில் பிளந்த மாதிரி ஒரு பிக்கப், சத்தம் தடிமனாக டிரம்ஸோடு ஒட்டிக்கொள்ளும். 1960-இல் வந்த ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப், நெக் தலைப்பக்கம் ஒல்லியாக இருக்கும், விரல் ஓட்டம் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் கலந்து பிஜே என்று வருவதுதான் முதல் பேஸுக்கு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் உங்களுக்கு எந்தச் சத்தம் பிடிக்கும் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 180 இரண்டும் பிஜே, இரண்டும் பேட்டரி தேவையில்லாத பேஸிவ் வகை. ஆக்டிவ் பேஸில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிளைச் சொருகியபடி விட்டால் ராத்திரி முழுக்க அது தீர்ந்துகொண்டே இருக்கும். முதல் வருஷத்துக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

சரி, இப்போது கடை. டவுன்ஹால் ரோடு, மாசி வீதிப் பக்கம் போனால் அக்கூஸ்டிக் கிட்டாரும் கீபோர்டும் வரிசையாக இருக்கும், பேஸ் நாலைந்து தொங்கினால் அதிகம். "வரவழைத்துத் தருகிறோம்" என்பார்கள். வரவழைக்கட்டும், ஆனால் வந்த பிறகு வாசித்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒரே மாடலில் இரண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்காது.

வாசிக்கத் தெரியாமல் எப்படிப் பார்ப்பது என்கிறீர்களா? தெரியவே வேண்டாம். முதலில் பேஸை ட்யூன் செய்யச் சொல்லுங்கள். இ ஸ்ட்ரிங்கை இடது கையால் முதல் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, வலது கையால் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே உங்களுக்கு அடிஸ்கேல். ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் நலம். அதை விட நிறைய இருந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது, இடைவெளியே இல்லாமல் தொட்டுக்கொண்டிருந்தால் பின்பக்கம் வளைந்திருக்கலாம். இரண்டையும் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் கடைக்காரரையே உங்கள் கண் முன்னால் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராட் அசையவில்லை என்றால் அந்த பீஸை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஜி ஸ்ட்ரிங்கில் நாலாவது ஃபிரெட்டிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொன்றாக அழுத்தி ஒரே பலத்தில் தட்டி, சத்தம் தானாக அடங்கும்வரை விடுங்கள். ஏதோ ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சட்டென்று செத்துப்போகும். டெட் ஸ்பாட் என்பார்கள், மரத்தின் அதிர்வால் வருவது, ஓரளவுக்கு எல்லா பேஸிலும் உண்டு. லேசாக இருந்தால் பரவாயில்லை, தட்டியதும் அணைந்துபோனால் வேறு பீஸ் கேளுங்கள், அதை எந்த செட்டப்பும் முழுதாகச் சரிசெய்யாது. அப்புறம் எல்லா ஃபிரெட்டையும் ஒரு தடவை வாசித்து எங்கே கரகரக்கிறது என்று கேட்பது, நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை ஓட்டி ஃபிரெட் முனை குத்துகிறதா என்று பார்ப்பது, நாப்களைத் திருப்பும்போது பரபர சத்தம் வருகிறதா, ஜாக்கில் கேபிளை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா. கடைசியாக ஸ்ட்ராப் போட்டு நின்று இடது கையை எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கி இறங்கினால், நீங்கள் வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நல்ல பேஸுக்கே கூட இது உண்டு, அகலமான தோல் ஸ்ட்ராப் கொஞ்சம் குறைக்கும்.

ஆம்பில் முதல் விதி, அது பேஸ் ஆம்பாக இருக்க வேண்டும். வீட்டில் அண்ணனுடைய லீட் கிட்டார் ஆம்ப் இருக்கிறது என்று அதில் சொருகி வால்யூமை ஏற்றாதீர்கள், கீழ் ஸ்வரங்களுக்கு ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் போகிற தூரம் ரொம்ப அதிகம், அதற்காகச் செய்யாத ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். மெதுவாக வைத்துப் பழகுவதில் தப்பில்லை. வீட்டுக்கு 15 முதல் 25 வாட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கர் தாராளம். ஃபெண்டர் ரம்பிள் 15, 25, லேனி ஆர்பி1 எல்லாம் இந்த வகை. பட்ஜெட்டுக்கு மேலே போனால் இவற்றையே செகண்ட் ஹேண்டில் தேடலாம். ஹெட்ஃபோன் ஓட்டையும், போனிலிருந்து பாட்டு விடுவதற்கு ஆக்ஸ் ஓட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு வாட்ஸை விட இவை பெரிது. சிம்மக்கல் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வால்யூமைக் குறைத்தாலும் பேஸ் சுவருக்குள் இறங்கிப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும், ஹெட்ஃபோன்தான் வழி. அதுவும் வயர் உள்ளதாக இருக்கட்டும், ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும், தாளம் பிடிபடாது.

டிரம்ஸோடு வாசிக்க இந்தச் சின்ன ஆம்ப் போதாது, அது நிஜம். அதற்கு 100 வாட்ஸாவது வேண்டும். ஆனால் ஒத்திகை நடக்கிற இடத்தில் மிக்ஸரும் பெட்டியும் இருந்தால் அதிலேயே சொருகிக்கொள்ளுங்கள்.

பணம் ரொம்ப இறுக்கம் என்றால் ஆம்பை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி கிட்டாரிலேயே சொருகுகிற ஹெட்ஃபோன் ஆம்பில் பேஸுக்கென்றே ஒரு மாடல் உண்டு. 80களின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும், அதை ஹெட்ஃபோனில் கேட்டு ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துப் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த கருவி தேவையே இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்க நல்ல சமயம் ஏப்ரல், மே. கல்லூரி முடித்து ஊருக்குப் போகிற பிள்ளைகள் விற்றுவிட்டுப் போவார்கள். மேலே சொன்ன சோதனைகளோடு, முதல் நாலைந்து ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் அறுத்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா, நெக்கும் உடலும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்ட்ரிங்கைக் காட்டி விலையைக் குறையுங்கள், ஏனென்றால் பேஸ் ஸ்ட்ரிங் செட் சாதாரண கிட்டார் ஸ்ட்ரிங்கை விடப் பல மடங்கு விலை. வாங்கும்போது 45-105 என்ற தடிமன் அளவைக் கேளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு விஷயம். ஆம்பை மூன்று பின் பிளக் பாயிண்டில் மட்டும் போடுங்கள், எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஆம்பின் உர்ர் சத்தம் குறைவது சாதாரணம், விரலில் சுர்ரென்று அடித்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு வயரிங்கைப் பாருங்கள். பேஸை மொட்டை மாடி தகரக் கொட்டகையிலோ, மூடிய காரிலோ, மேற்கு வெயில் இறங்குகிற சுவரிலோ வைக்காதீர்கள், மே மாத மதுரை வெயிலில் பசை இளகும், நெக் திரும்பும். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஈரப்பதத்தில் நெக் மறுபடி கொஞ்சம் நகரும், அப்போது அந்த விசிட்டிங் கார்டு சோதனையை இன்னொரு தடவை செய்து பார்த்து, வேண்டுமென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள்.